சாம்பலின் கணக்கு

நிலக்கரியின் தீங்கை அறியாத அரசு இன்று உலகில் எதுவுமில்லை. அது எரியும்போது எழும் கரியமில வாயு புவியைச் சூடாக்குகிறது என்பதையும், கந்தகமும் நுண்துகளும் பாதரசமும் மனிதரின் மூச்சிலும் நீரிலும் கலக்கின்றன என்பதையும் அமைச்சர் பெருமக்கள் மேடைகளில் நம்மைவிட நன்றாகவே விளக்குகின்றனர். மேடையிலிருந்து இறங்கியதும் அடுத்த அனல்மின் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டுகின்றனர். இதனைக் கபடம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும், கடற்கரைப் பங்கொன்றில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்தவாறே சில ஆண்டுகளைக் கழித்துள்ள நமக்கு அந்தச் சொல் போதவில்லை. தீங்கென்று அறிந்தும் ஒன்றை விடாதிருக்க வலுவான காரணம் ஏதேனும் இருத்தல் வேண்டும். அதைத் தேடியதில் நமக்குக் கிட்டியவற்றை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நமது பங்கில் கோயிலுக்குக் கிழக்கே வள்ளமும் வலையும் வைத்துப் பிழைப்போர் வாழ்கின்றனர். மேற்கே, சாலையை ஒட்டிய தெருக்களில், அனல்மின் நிலையத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் செல்வோர் மிகுதி. ஒரே வீட்டில் அண்ணன் கடலுக்குப் போவான்; தம்பி 'தெர்மலுக்கு'ப் போவான். நிலையத்தில் எரிந்து மிஞ்சும் சாம்பலை நீரில் கரைத்துக் குழாய் வழியே தொலைவிலுள்ள குட்டைக்கு அனுப்புகின்றனர். குழாய் பழையது. அது வெடிக்கும் நாள்களில் உப்பங்கழி சாம்பல் நிறம் பூண்டுவிடும். நண்டும் இறாலும் அவ்விடம் விட்டு அகலும். மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கோயில் முற்றத்திலும் பீடத் துணியிலும்கூட மெல்லிய படலம் படியும். "சாமி, எங்களுக்கு வருசம் பூராவும் சாம்பல் புதன்தான்" என்று முதிய மீனவர் ஒருவர் நம்மிடம் நகைத்துச் சொன்னார். அந்த நகைப்பில் கசப்பு இல்லாமலில்லை.

ஒரு ஞாயிறன்று இரண்டாம் திருப்பலி முடிந்ததும் கிழக்குத் தெருவினர் ஒரு மனுவோடு வந்தனர். வெடித்த குழாயை மாற்றித் தர வேண்டும் என்பதே அதிலிருந்த ஒரே கோரிக்கை. பங்குத்தந்தை முதலில் கையொப்பமிட்டால் அதிகாரிகள் மதிப்பார்கள் என்றனர். நாமும் இட்டோம். அன்று மாலையே மேற்குத் தெருவைச் சேர்ந்த தாய் ஒருவர் பங்கு இல்லத்தின் வாசலில் வந்து நின்றார். உள்ளே வந்து அமரும்படி அழைத்தும் அமரவில்லை.

"சாமி, தெர்மலுக்கு எதிரா நீங்க கையெழுத்துப் போட்டீங்களாமே. அத மூடிட்டா எம் பிள்ளைக்கு யாரு சோறு போடுவா?"

குழாயை மாற்றச் சொன்னோமேயன்றி நிலையத்தை மூடச் சொல்லவில்லை என்று விளக்கினோம். அவர் அமைதியாகக் கேட்டார். பிறகு, "இன்னைக்கு கொழாயிம்பாங்க, நாளைக்கு வேற எதையாவது சொல்லுவாங்க சாமி" என்று கூறிவிட்டு நடந்தார்.

அவரைக் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை. மகனுக்குச் சனிக்கிழமைதோறும் கிடைக்கும் கூலியை அவர் கையில் எண்ணிப் பார்க்க முடியும். கழியில் இவ்வாண்டு பிடிபடாமற்போன நண்டை எவராலும் எண்ண முடியாது. எண்ணத்தக்க ஒன்றும் எண்ணவியலாத ஒன்றும் எதிரெதிரே நிற்கையில் எது வெல்லும் என்பதை அந்த வாசலிலேயே நாம் கண்டோம். தலைநகரங்களிலுள்ள நிதியமைச்சகங்களில் நடப்பதும் இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று எனத் தோன்றுகிறது.

ஒரு டன் நிலக்கரியின் பயணத்தைப் பின்தொடர்ந்து பார்ப்போம். தமிழகத்து அனல்மின் நிலையங்களுக்கு வரும் உள்நாட்டு நிலக்கரியில் பெரும்பகுதி ஒடிசா மாநிலத்தின் தால்ச்சேர் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்கே அதைத் தோண்டுவது இந்திய நிலக்கரி நிறுவனத்தின் கிளை. 1970களின் தொடக்கத்தில் சுரங்கங்கள் நாட்டுடைமையாக்கப்பட்ட பின்னர், 1975இல் உருவான அந்நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகள் இன்றும் மத்திய அரசிடமே உள்ளன. ஆண்டுதோறும் இலாப ஈவு அரசுக்குச் செல்கிறது. சுரங்க வாயிலிலேயே விலையில் 14 விழுக்காடு உரிமத்தொகையாக ஒடிசா அரசுக்குப் போய்விடுகிறது. மாவட்டக் கனிமநிதிக்கெனத் தனியே ஒரு தொகை உண்டு. அந்த டன் பிறகு இரயிலேறிப் பாரதீப் துறைமுகம் சேர்கிறது. இரயில்வேக்குச் சரக்குப் போக்குவரத்தால் கிடைக்கும் வருவாயில் ஏறத்தாழப் பாதி நிலக்கரியால் வருவது. பயணிகள் கட்டணத்தில் ஏற்படும் இழப்பை அந்தச் சரக்கு வருவாயே ஈடுசெய்கிறது. வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு இரயிலேறும் நம் மக்களுடைய பயணச்சீட்டின் குறைந்த விலைக்குள்ளும் தால்ச்சேர்க் கரி ஒளிந்திருக்கிறது! பாரதீப்பில் கப்பலேறி எண்ணூரிலோ தூத்துக்குடியிலோ இறங்கும்போது துறைமுகங்களுக்கு அவற்றுக்குரிய கட்டணம் கிடைக்கிறது. நிலையத்தைக் கட்டுவதற்குக் கடன் கொடுத்தவை பெரும்பாலும் அரசுடைமை நிதி நிறுவனங்கள். எரிப்பது மாநில மின்வாரியம். மின்சாரத்தை விற்பதும் அரசின் அமைப்பே.

இந்த வழியில் எங்கே நின்று பார்த்தாலும் அரசு கை நீட்டி நிற்கிறது. தோண்டுபவர், சுமப்பவர், கடன் தருபவர், எரிப்பவர், விற்பவர் என எல்லா உருவிலும் அரசே உள்ளது. அவ்வாறிருக்க, புகையின் அளவை வரையறுத்துக் கண்காணிக்க வேண்டியதும் அதே அரசு. வழக்காடுபவரே நீதிபதியின் இருக்கையிலும் அமர்ந்தால் தீர்ப்பு எப்படி அமையும் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

அது எப்படி அமைந்தது என்பதற்கு நிகழ்ந்த சான்றே உண்டு. 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல்மின் நிலையங்களுக்குக் கடுமையான விதிகளை அறிவித்தது. கந்தக வாயுவை நீக்கும் கருவிகளை இரண்டாண்டுகளுக்குள் பொருத்த வேண்டும் என்பது அவ்விதிகளின் சாரம். 2017 வந்தது, கெடு 2022க்குத் தள்ளப்பட்டது. பின்னர் மீண்டும், அதன் பின்னரும் மீண்டும் தள்ளப்பட்டது. இறுதியில் 2025 ஜூலையில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றே குறைவான நிலையங்களுக்குக் கந்தக விதியிலிருந்து விலக்கே அளிக்கப்பட்டது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, கருவியின் செலவு மின்கட்டணத்தில் ஏறும் என்பன சொல்லப்பட்ட காரணங்கள். இவை முற்றிலும் பொய்யல்ல. எனினும், கட்டணம் உயர்ந்தால் அடுத்த மாதமே மக்கள் கேட்பார்கள். நுரையீரல் கெட்டால் எவரும் மின்வாரியத்திடம் சென்று கேட்பதில்லை என்பதும் அந்த முடிவுக்குள் இருக்கிறது.

வரியின் கதை இன்னும் வியப்பானது. நிலக்கரியைத் தளரச் செய்து தூய ஆற்றலை வளர்க்கும் நோக்கில் 2010இல் டன்னுக்கு 50 ரூபாய் மேல்வரி விதிக்கப்பட்டது. 2016க்குள் அது 400 ரூபாயாயிற்று. நல்ல நோக்கந்தான். ஆனால் 2017இல் சரக்கு-சேவை வரி வந்தபோது, அப்பணம் மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டும் நிதியாக உருமாறியது. குடியைக் குறைக்க விதித்த வரியை நம்பியே பள்ளிக்கூடம் நடத்தும் அரசு குடியை ஒழிக்குமா? தமிழ்நாட்டில் வாழும் நமக்கு இந்தக் கேள்வி புதிதன்று. 2025 செப்டம்பரில் அந்த 400 ரூபாய் நீக்கப்பட்டு, நிலக்கரி மீதான சரக்கு-சேவை வரி 5 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. கணக்கின் தலைப்பு மாறியதேயன்றி வரவு நின்றபாடில்லை.

பணம் மட்டுமே காரணம் என்றால் அதுவும் நியாயமான கூற்றாகாது. 2012ஆம் ஆண்டை நினைவுகூருங்கள். சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு. கோவையில் சிறு பட்டறைகள் முடங்கின. மாணவர் மெழுகுவர்த்தி ஒளியில் தேர்வுக்குப் படித்தனர். அந்த இருளைக் கண்ட எந்த முதலமைச்சரும் அதை மறக்க மாட்டார். புகைக்காக ஆட்சி கவிழ்ந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. மின்வெட்டு மக்களின் வாக்கை மாற்றும் என்பதை எல்லாக் கட்சிகளும் அறியும்.

நம் நாட்டில் சூரிய ஒளியாலும் காற்றாலும் பெறும் மின்சாரம் பெருமளவு வளர்ந்திருப்பது உண்மை. முப்பந்தல் காற்றாலைகளைக் கடந்து செல்லாதவர் தென்தமிழகத்தில் எவர்? 2025ஆம் ஆண்டின் நடுவில், நாட்டில் நிறுவப்பட்ட மின் திறனில் பாதி நிலக்கரி முதலிய புதைபடிவ எரிபொருள்களைச் சாராதது என்ற நிலையை எட்டிவிட்டோம். ஆயினும் உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு இன்றும் ஏறத்தாழ பத்தில் ஏழு. இதில் முரண் ஒன்றுமில்லை. கரையில் நிற்கும் வள்ளங்களின் எண்ணிக்கை வேறு, கரை சேரும் மீனின் எடை வேறு. கதிரவன் மறைந்ததும் சூரியத் தகடு உறங்கிவிடும். காற்றாலைக்கோ மே முதல் செப்டம்பர் வரைதான் நல்ல பருவம். மாலை ஏழு மணிக்கு வீடுகளில் விளக்கும் விசிறியும் தொலைக்காட்சியும் குளிர்சாதனமும் ஒருசேர இயங்கும் வேளையில் கைகொடுப்பது நிலக்கரியே. 2024 மே 2 அன்று தமிழகத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அத்தகைய நாளில் சுமையைப் பகிர்ந்தளிக்கும் அறையில் அமர்ந்திருக்கும் பொறியாளரிடம் போய் நாம் புவி வெப்பத்தைப் பற்றி உரை நிகழ்த்த இயலுமா?

பகலில் சேர்த்த மின்சாரத்தை மாலைக்குக் காத்து வைக்கும் மின்கலங்களின் விலை இப்போது வேகமாக இறங்கி வருகிறது. அவற்றோடு சேர்ந்த சூரிய மின்சாரம் அண்மைய ஏலங்கள் சிலவற்றில் புதிய நிலக்கரி மின்சாரத்தைவிட மலிவாகவே கேட்கப்பட்டுள்ளது. அப்படியானால் ஏன் தயக்கம்? இங்கேதான் ஒப்பந்தங்கள் குறுக்கே நிற்கின்றன. மின்வாரியங்கள் அனல்மின் நிலையங்களோடு பெரும்பாலும் 25 ஆண்டுகளுக்கு உடன்படிக்கை செய்கின்றன. மின்சாரத்தை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நிலையத்தின் முதலீட்டுக்குரிய நிலையான கட்டணத்தைச் செலுத்தியே ஆக வேண்டும். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய வள்ளக்காரர், பக்கத்தில் கூடுதல் விலை தருபவர் நின்றாலும் அந்த வியாபாரிக்கே மீனைக் கொடுக்கும் நிலைதான் இது. இந்தியாவின் அனல்மின் நிலையங்களிற் பல இளமையானவை. அவற்றின் கடன்கள் இன்னும் தீரவில்லை.

ஏழை நாடுகளுக்கு வேறு வழியில்லை என்ற வாதத்தை இனி எடுத்துக்கொள்வோம். 2021 நவம்பரில் கிளாஸ்கோ நகரில் கூடிய காலநிலை மாநாட்டின் இறுதி மணிநேரத்தில், நிலக்கரியைப் படிப்படியாக 'ஒழிப்போம்' என்ற சொல்லைப் படிப்படியாகக் 'குறைப்போம்' என்று மாற்றும்படி இந்தியா கேட்டது, மாற்றப்பட்டது. தலைமை வகித்த அலோக் சர்மா கண்கலங்கினார். மேலை நாட்டுப் பத்திரிகைகள் நம் நாட்டைச் சாடின. இரு நூற்றாண்டுகளாக எரித்துச் செழித்தவர்கள், தலைக்கு மிகக் குறைவாக மின்சாரம் நுகரும் மக்களைப் பார்த்து எரிக்காதே என்பதில் நீதி குறைவு என்றே நாமும் கருதுகிறோம். ஆனால் கிளாஸ்கோவில் சொல்ல உரிமையுள்ள அந்த வாதத்தை எண்ணூரில் சொல்ல முடியாது. கொசஸ்தலை ஆற்றில் படிந்த சாம்பலைக் குறித்துப் பசுமைத் தீர்ப்பாயம் விசாரித்துச் சீரமைப்புக்கு ஆணையிட வேண்டிய நிலை வந்ததே, அந்த ஆற்றில் இறால் பிடித்தவர்கள் உலகின் ஏழைகளுக்குள் அடங்கமாட்டார்களா? ஏழையின் பெயரால் பேசும் வாதம் ஏழையின் வாசலுக்கு வரும்போது வேறு முகம் கொள்கிறது.

மேலும், நிலக்கரியை விடாதவர் வறியவர் மட்டுமல்லர். செல்வம் மிகுந்த செருமனியில், ஆகன் மறைமாவட்டத்தைச் சேர்ந்த இம்மராத் என்ற சிற்றூரில் புனித லம்பேர்த்து ஆலயம் இருந்தது. 1888க்கும் 1891க்கும் இடையில் கட்டப்பட்டது. தொழிலாளர் உரிமை பற்றிப் பதின்மூன்றாம் சிங்கராயர் திருமடல் எழுதியதும் அந்த 1891இல்தான். இரட்டைக் கோபுரங்களோடு நின்ற அதனை ஊர்மக்கள் அன்போடு 'இம்மராத் பேராலயம்' என்றழைத்தனர். ஊருக்கடியில் பழுப்பு நிலக்கரி இருந்தது. மக்கள் வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டனர், கல்லறைகளும் இடம்பெயர்ந்தன, 2013இல் ஆலயம் வழிபாட்டுப் பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்டது. 2018 ஜனவரியில் இயந்திரங்கள் அதை இடித்துத் தள்ளின. பசுமை ஆற்றலில் முன்னோடி எனப் புகழப்படும் நாடு அது!

வியப்பு என்னவெனில், அதே மாநிலத்தில், அதே 2018ஆம் ஆண்டின் டிசம்பரில், போட்ராப் நகரின் புரோசுபர்-ஹானியல் சுரங்கம் மூடப்பட்டது. செருமனியின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் அதுவே. சுரங்கத் தொழிலாளர் இறுதியாக எடுத்த கரித்துண்டைக் குடியரசுத் தலைவர் இசுடைன்மையரிடம் கொடுத்தனர். அதையொட்டி எசன் பேராலயத்தில் வழிபாடு நடைபெற்றது. 1950களில் ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர் உழைத்த தொழில், வேலைநீக்கக் கலவரமின்றி முடிந்தது எங்ஙனம்? 2018இல் முடிப்பது என்று 2007லேயே உடன்பாடு கண்டு, அதுவரை மானியம் தந்து, மூத்தவர்களை முன்கூட்டியே ஓய்வூதியத்தில் அனுப்பி, இளையவர்களுக்கு வேறு வேலை தேடித் தந்தனர். செலவு பெரிதுதான். ஒரே மாநிலத்தில் ஆண்டின் தொடக்கத்தில் ஆலயம் இடிந்ததையும், ஆண்டின் இறுதியில் ஆலயத்தில் நன்றி சொல்லி ஒரு தொழிலை அடக்கம் செய்ததையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் ஒன்று நமக்குப் புலனாகிறது. உள்நாட்டுக் கருநிலக்கரி இறக்குமதியைவிட விலை மிகுந்து அரசுக்குச் சுமையாகிவிட்டது, விட்டார்கள். பழுப்பு நிலக்கரி இன்னும் இலாபம் தந்தது, தோண்டினார்கள். 2038க்குள் முற்றிலும் விடுவதென 2020இல் சட்டமியற்றி, நிலக்கரி வட்டாரங்களுக்கு 4,000 கோடி யூரோவையும் ஒதுக்கியுள்ளனர்.

பிரித்தானியா வேறொரு பாடம். பொதுமக்களுக்கு மின்சாரம் தந்த உலகின் முதல் நிலக்கரி நிலையத்தை 1882இல் இலண்டனில் தொடங்கிய நாடு, 2024 செப்டம்பர் 30 அன்று இராட்கிளிப் நிலையத்தை மூடித் தன் நிலக்கரி மின்சாரத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2012இல் ஐந்தில் இரண்டு பங்காக இருந்தது, பன்னிரண்டு ஆண்டுகளில் சுழியமாயிற்று. கரியமில வாயுவுக்கு 2013 முதல் விதித்த விலை இதற்கு உதவியது. ஆனால் அவர்களுக்கு இது எளிதாயிற்று என்றால், சுரங்கத் தொழிலாளர் அதற்கு முன்பே தோற்கடிக்கப்பட்டுவிட்டனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1984-85 வேலைநிறுத்தத்தின் முறிவுக்குப் பின் ஊர் ஊராகச் சுரங்கங்கள் மூடப்பட்டன. கடைசி ஆழ்சுரங்கம் 2015இல் மூடியது. நிலையங்களை மூடும் காலம் வந்தபோது வாசலில் வந்து நின்று, என் பிள்ளைக்கு யார் சோறு போடுவார் என்று கேட்க எந்தத் தாயும் மிஞ்சவில்லை. அந்தப் பாதையை நம் நாட்டுக்கு நாம் விரும்பமாட்டோம்.

போலந்தில் நிலைமை நேர்மாறு. டிசம்பர் 4 அன்று சுரங்கத் தொழிலாளரின் பாதுகாவலியான புனித பார்பராவின் விழா அங்கே சிறப்பாகக் கொண்டாடப்படுகிறது. தொழிலாளர் வலுவாக அமைப்புற்றுள்ளனர். அரசு அவர்களோடு பேசித்தான் ஆக வேண்டும். 2021இல் கண்ட உடன்பாட்டின்படி கடைசிச் சுரங்கம் மூடப்படுவது 2049இல். தென்னாப்பிரிக்காவிலோ 2022 அக்டோபரில் கோமாட்டி நிலையத்தை மூடினர். சொன்ன மாற்று வேலைகள் உரிய காலத்தில் வரவில்லை என்ற குறை எழுந்தது. மின்வெட்டும் சேர்ந்துகொள்ள, பிற நிலையங்கள் சிலவற்றின் மூடல் 2030க்குத் தள்ளப்பட்டது.

நம் மண்ணுக்கே திரும்புவோம். 2023 ஏப்ரலில் காவிரிப்படுகையை ஒட்டி வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கு ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரிப் பகுதிகள் மத்திய அரசின் ஏலப் பட்டியலில் இருப்பது தெரிய வந்தது. கட்சி வேறுபாடின்றி எதிர்ப்பு எழுந்தது. சில நாள்களுக்குள் மூன்றும் நீக்கப்பட்டன. நாமும் மகிழ்ந்தோம். அதே ஆண்டு ஜூலையில் வளையமாதேவியில், நெய்வேலிச் சுரங்கத்தின் கால்வாய்க்காக, வளர்ந்து நின்ற நெற்பயிரின்மீது இயந்திரங்கள் இறங்கியபோது மாநிலமே கொதித்தது. மறு ஆண்டு மார்ச்சில் வடசென்னையில் 800 மெகாவாட் அனல்மின் நிலையம் தொடங்கி வைக்கப்பட்டபோது பெரிய எதிர்ப்பு ஏதும் எழவில்லை. அதற்கு வேண்டிய கரிக்காக வெட்டப்படும் வயல் நம் கண்ணுக்கு எட்டாத தொலைவில் உள்ளது. தமிழ்ப் பயிர் என்றும் ஒடியப் பயிர் என்றும் மண்ணுக்குத் தெரியுமா என்று கேட்கத் தோன்றுகிறது. தீங்கு ஓரிடத்தில் குவிந்து, அதைத் தாங்குவோர் ஒன்றுதிரண்டு, அவர்களுக்கு வாக்கும் குரலும் இருக்கும்போது அரசு பின்வாங்குகிறது. தீங்கு சிறு சிறு துளிகளாய்ப் பலர்மீது, பல ஊர்களில், பல ஆண்டுகளில் விழும்போது அது எந்தப் பேரேட்டிலும் பதிவாவதில்லை.

திருத்தந்தை பிரான்சிசு 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' திருமடலில் நிலக்கரியைப் பெயர் குறிப்பிட்டே கண்டித்தார். காலம் தாழ்த்தாது அதற்கு மாற்று காண வேண்டுமென்றார். அத்திருமடலை அன்பியக் கூட்டங்களில் வாசித்திருக்கிறோம். வாசித்து முடித்ததும் முதலில் வரும் கேள்வி, "நாம என்ன சாமி செய்ய முடியும்?" என்பதே. மரக்கன்று நடுவோம், விளக்கை அணைப்போம் என்ற விடைகள் நமக்கு நிறைவளிக்கவில்லை. கொடியேற்றத் திருவிழாவின் பத்து நாள் அலங்கார விளக்கைப் பாதியாகக் குறைத்துவிட்டால் தால்ச்சேரில் சுரங்கம் நின்றுவிடாது. 1,000 மெகாவாட் நிலையமொன்று முழுத் திறனில் ஓடினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 15,000 டன் நிலக்கரி வேண்டும். நம் நாட்டுக் கரியில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பங்கு வரை சாம்பலாக மிஞ்சும். அதாவது நாள்தோறும் 5,000 டன் அளவில் சாம்பல். இத்தனை பெரிய கணக்கின் முன் தனி மனிதச் சிக்கனத்தை மட்டும் போதிப்பது பொறுப்பைத் தட்டிக்கழிக்க அரசுக்கு நாம் உதவுவதாகவே முடியும்.

மேற்குத் தெருத் தாய் வந்து சென்ற பின், கிழக்குத் தெருவினரையும் மேற்குத் தெருவினரையும் பங்குப் பேரவையில் ஒன்றாக அமர்த்திப் பேசினோம். மூன்று கூட்டங்கள் ஆயின. முதல் கூட்டத்தில் குரல்கள் உயர்ந்தன, அதை விரிப்பானேன். ஒப்பந்தத் தொழிலாளரில் பலருக்குப் பணிப் பதிவேட்டில் பெயரே இல்லை என்பது இரண்டாம் கூட்டத்தில் வெளிப்பட்டது. பழைய அலகுகள் என்றேனும் மூடப்படும் நாளில், இழப்பீடோ மாற்றுவேலையோ கேட்க அவர்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் இராது. இதைக் கிழக்குத் தெருவினர் அதுவரை அறிந்ததில்லை. "பேரே எழுதாதவனுக்கு என்னத்த இழப்பீடு?" என்று முதலில் கேட்டவர், சாம்பல் புதன் பற்றி நகைத்த அதே முதியவர்தாம்.

மூன்றாம் கூட்டத்தில் மனு மாற்றி எழுதப்பட்டது. சாம்பல் குழாயை முழுமையாக மாற்ற வேண்டும் என்பது முதற்கோரிக்கை. ஒப்பந்தத் தொழிலாளர் அனைவரின் பெயரையும் பணியில் சேர்ந்த நாளோடு பதிவேட்டில் ஏற்றி, வருங்கால வைப்புநிதி எண் வழங்க வேண்டும் என்பது இரண்டாவது. எந்த அலகு எந்த ஆண்டில் மூடப்படும் என்பதை ஊருக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பது மூன்றாவது. இரு தெருக்களிலுமிருந்து 412 பேர் கையொப்பமிட்டனர். அந்தத் தாயின் பெயர் எட்டாவது வரியில் உள்ளது. குழாயில் கழிக்கரையை ஒட்டிய பகுதி மட்டும் மாற்றப்பட்டுவிட்டது. மற்ற இரண்டுக்கும், மனு உரிய பிரிவுக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளதாக ஒரு கடிதம் வந்திருக்கிறது.